கடலை மிட்டாய் வீட்டுக்கு அடுத்த வீடு

ஒண்ணாம் வீடு பெயின்ட் கடை ஞானதுரை வீடு. கரண்டு மீட்டர் மாடிப்படிக்கு அடியில. குனிஞ்சுதான் பார்க்கணும், நிமிரும்போது தலையில ஒரு இடி வாங்காம நான் வெளிய வந்ததே கிடையாது. ரெண்டாம் வீடு கணக்கு வாத்தியார். கார்டு சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கும், கையில வாங்கும்போதே திருநீறு வாசனை. மூணாம் வீட்டுல நாய், பேரு ராஜா, ராஜான்னு பேரு வச்சா அது எப்படி அடங்கும், சொல்லுங்க. நாலாம் வீடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போற அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. மீட்டருக்கு மேல குருவி கூடு கட்டியிருந்துச்சு, நான் எட்டிப் பார்க்கிறதுக்குள்ள “அக்கா மெதுவா, குஞ்சு இருக்கு, அக்கா மெதுவா”ன்னு என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க, என்னமோ நான் குருவி பிடிக்க வந்தவ மாதிரி. அஞ்சாம் வீடு... “செண்பகம் அக்கா, கழுத்தைத் திருப்பாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” இது சிஸ்டர் ஜெபராணி. சொல்லுவாங்க, அவங்களுக்கென்ன. கழுத்துல டியூப் சொருகியிருக்கிறது எனக்குத்தானே. ரெண்டு வாய் வச்ச டியூப். ஒரு வாய் வழியா என் ரத்தம் மிஷினுக்குப் போகுது, இன்னொரு வாய் வழியா திரும்பி வருது. பத்தரைக்கு ஆரம்பிச்சா ஒரு மணிக்கு முடியும், இன்னைக்கு அஞ்சாவது நாள். மதுரையில ஆஸ்பத்திரி ரெண்டாவது மாடி. ஜன்னல்ல ஒரு வேப்பமரத்தோட தலை மட்டும் தெரியுது. பக்கத்துக் கட்டில் காலி. புரண்டு படுக்கக்கூட முடியாது. அதனாலதான் நான் பாட்டுக்கு மனசுக்குள்ளயே ரீடிங் லைனுக்குக் கிளம்பிட்டேன்.

முப்பது வருஷம் கோவில்பட்டியில வீடு வீடாப் போய் கரண்டு மீட்டர் ரீடிங் எடுத்தவ நான். ஆபீசுல கணக்கீட்டாளர், தெருவுல கரண்டு அக்கா. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எல்லா வாசல்லயும் நின்னு “கார்டு எடுத்துட்டு வாங்க”ன்னு குரல் கொடுப்பேன், வெள்ளை அட்டையை வாங்கி ரீடிங்கை எழுதிக் கொடுப்பேன், அடுத்த வாசல். இந்த மூளைக்குள்ள எத்தனை ஆயிரம் வீடு இருந்திருக்கும்! அதுலதான் இப்ப அடைப்பாம். டாக்டர் ஹசீனா மேடம் சின்னப் பொண்ணு, எங்க மக பூரணி வயசுதான் இருக்கும், கட்டில் ஓரத்துல உக்காந்து பொறுமையாச் சொன்னாங்க. “உங்க ரத்தத்துல ஒரு பொருள் குறைஞ்சு போச்சும்மா. கத்தரிக்கோல்னு வச்சுக்கோங்க. ரத்தத்துல பசை மாதிரி ஒண்ணு நீளநீளமா வரும், அதை வெட்டிக்கிட்டே இருக்கிறதுதான் அதோட வேலை. வெட்ட ஆள் இல்லைன்னா பிளேட்லெட் எல்லாம் அந்தப் பசையில ஒட்டிச் சின்னச் சின்னக் கட்டியாகி, ரொம்ப மெல்லிசா இருக்கிற குழாய்ல போய் அடைச்சுக்கும். மூளை பூரா அந்த மாதிரி குழாய்தான்.” டி.டி.பி.யாம், முழுப் பேரு ரெண்டு முழம் இருக்கு. பத்து லட்சம் பேர்ல அஞ்சாறு பேருக்குத்தான் வருமாம். ஆபீசுல குலுக்கல் நடந்தப்பல்லாம் ஒரு டிபன் பாக்ஸ் விழுந்ததில்ல எனக்கு, இதுல மட்டும் கரெக்டா என் பேரு விழுந்திருக்கு, அதைச் சொல்லணும். என் ரத்தத்துல கெட்டுப்போன தண்ணியை எடுத்துட்டு, யார் யாரோ தானம் கொடுத்த மஞ்சத் தண்ணியை, பிளாஸ்மாவாம், உள்ள ஏத்துறாங்க. அதுல அந்தக் கத்தரிக்கோல் இருக்கும். முதநாள் என் பிளேட்லெட் ஒம்பதாயிரம். நேத்து அறுபத்தோராயிரம். இன்னைக்குக் காலையில எம்பத்தெட்டு. “ரீடிங் ஏறுது சிஸ்டர்”னேன். சிரிச்சாங்க.

அதுக்கு முன்னாடி ஒரு மாசமாவே ஆளு சரியில்லைதான். முழங்காலுக்குக் கீழ கடுகு சிதறுன மாதிரி செவப்புப் புள்ளி. வெயில் கொப்புளம்னு நினைச்சேன். சாவின்னு சொல்ல வரல ஒரு நாள், “அது, அது, பூட்டோட புருஷன்”ன்னு சொல்லிட்டேன், ஆபீசே சிரிச்சுது, நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். பாவி, அன்னைக்கே வந்திருக்கணும். கடைசியில அந்தச் சனிக்கிழமை. அது எனக்கு ஞாபகம் இல்ல, சிஸ்டர் சொல்லித்தான் தெரியும். எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, முப்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணின மனுஷனைப் பார்த்து, “சார், கார்டு எடுத்துட்டு வாங்க”ன்னு சொன்னேனாம். வீட்டுக்குள்ளயே செருப்பு மாட்டிக்கிட்டு நின்னு. கேட்டதும் எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவரு அன்னைக்கிலருந்து என் முகத்தைப் பார்க்கிறதில்ல. வர்றாரு, இளநீ கொண்டு வர்றாரு, கால் பிடிச்சு விடுறாரு, ஆனா கண்ணு மட்டும் சலைன் பாட்டில் மேல, ஃபேன் மேல, ஜன்னல் மேல. தவசிலிங்கம்னு பேரு. மில்லுல இருந்து ரிட்டயர் ஆனவரு, பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு, தறி சத்தத்துல கத்திப் பேசிப் பழகின குரலு. அந்தக் குரலை அஞ்சு நாளா காணோம். என் மேல கோவமா இருக்குமோ? மறந்துட்டாளேன்னு? அட, நானா மறந்தேன்.

சரி, மறந்தேன்தான். உண்மையைச் சொல்லிர்றேன், மனசுக்குள்ளதானே, யாரு கேக்கப் போறா. முந்தாநாள் பூரணி ஓசூர்ல இருந்து போன் பண்ணினா. ஏழு மாசம் அவளுக்கு, பஸ் ஏறக்கூடாதுன்னுட்டாங்க, அதனால போன்லயே அழுகை. அழுது முடிச்சு மூக்கை உறிஞ்சிட்டு, “எல்லாம் ஞாபகம் வந்துருச்சாமே? எங்க, ரேஷன் கார்டு கதையைச் சொல்லு பார்ப்போம்”னா. எனக்கு ஒண்ணுமே ஓடல. “போடி, அதை எத்தனை தடவைதான் கேப்பே”ன்னு மழுப்பிட்டேன். அவ நம்பிட்டா. போனை வச்சதும் கண்ணை மூடிக்கிட்டுத் தேடுறேன், தேடுறேன், தேடிக்கிட்டே இருக்கேன். அவ சிரிச்ச சிரிப்பை வச்சு இவ்வளவு மட்டும் தெரியுது: நானும் அவ அப்பாவும் முதமுதல்ல பார்த்துக்கிட்ட கதை அது. நான்தான் எல்லாருக்கும் சொல்லுவேன். கல்யாண வீட்டுப் பந்தியில, ஆபீஸ் டூர்ல, வளைகாப்புல. சொல்றது தெரியுது. எதிர்ல இருக்கிறவங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறது தெரியுது. என் வாய் அசையுது. என்ன சொல்றேன்னு மட்டும் கேக்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட யாரோ மாதிரி கேட்டேன், போனது திரும்ப வருமா மேடம்னு. “வர வேண்டியது பெரும்பாலும் இந்த வாரத்துக்குள்ள வந்துரும்மா. சிலது வராமலும் போகலாம். உங்களுக்கு நல்லா தெரிஞ்ச ஒண்ணை வரிசையா நினைச்சுப் பாருங்க, எங்க தட்டுதுன்னு நமக்கே தெரியும்”னாங்க. எனக்கு நல்லா தெரிஞ்சது எது? கிணத்துத் தெரு கிழக்கு வரிசை. வேலைக்குச் சேர்ந்ததும் கொடுத்த முத லைன் அதுதான்.

அஞ்சாம் வீட்டுல மீட்டர் ஜன்னலுக்குப் பக்கத்துல, ஆறாம் வீட்டுல செருப்பு ஸ்டாண்டுக்கு மேல. ஏழாம் வீடு ரிட்டயர்டு வயர்மேன் கோயில்பிள்ளை. மீட்டர் வேகமா ஓடுதுன்னு ஒவ்வொரு தடவையும் சண்டை, நீங்க மாட்டின மீட்டர்தானே அண்ணாச்சின்னா பேச்சு நிக்கும். எட்டு, கடலை மிட்டாய் செல்லத்தாய். வாசல்லயே பாகு கொதிக்கும், அட்டையில எப்பவும் ஒரு பிசுபிசுப்பு, ரீடிங் எழுதிட்டு விரலை நக்கிக்கிட்டே அடுத்த வீட்டுக்கு... அடுத்த வீட்டுக்கு... டெய்லர் மாரியப்பன். கதவுல கொட்டை எழுத்துல பத்துன்னு பெயின்ட்ல எழுதியிருக்கும். பத்து. அப்ப ஒம்பது எங்க? இதுதான். மூணு நாளா இதே இடம்தான். வரிசையில பதினாலு வீடு, நான் எண்ணினா பதிமூணுதான் வருது. எட்டுல இருந்து காலு தானா பத்துக்குப் போகுது. நடுவுல வாசல் இல்ல, மீட்டர் இல்ல, கார்டை நீட்டுற கை இல்ல, ஒரு மனுஷ முகம் இல்ல. “சிஸ்டர், உதடு குறுகுறுங்குது.” “அது மிஷின்ல போடுற மருந்தால அக்கா, கால்சியம் போடுறேன், இருங்க.” உதடு, அப்புறம் விரல் நுனி, எறும்பு ஊறுது. பாகு வாசனை மட்டும் நல்லா வருது, மூக்குக்குள்ளயே நிக்குது. சாயங்காலம் நாலு மணிக்கு எங்க அடுப்படி ஜன்னல் வழியா வரும், அந்த வாசனை வந்தா டீ போட நேரம் ஆச்சுன்னு அர்த்தம். பூரணி சின்னதுல ஜன்னல் கம்பியைப் பிடிச்சுத் தொங்குவா, “செல்லத்தாய்த்தே, உடைஞ்சது இருக்கா?”ன்னு. அந்தப் பக்கச் சுவத்துல காது வச்சா தையல் மிஷின் சத்தம் கேக்கும், தீபாவளி சமயத்துல தூங்கவே முடியாது. எங்க வீட்டை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கண்ணை மூடினா உள்ளதான் இருக்கேன். அதைக் கேக்கலையே நான். ஒம்பதாம் நம்பர் யார் வீடு, அதைச் சொல்லு சனியனே.

அந்தக் காலத்து மீட்டரெல்லாம் எவ்வளவு அழகு. கண்ணாடிக்குள்ள வெள்ளித் தட்டு ஒண்ணு சுத்தும், அதுல ஒரு செவப்புக் கோடு. சின்னப் புள்ளைங்க “அக்கா, தூக்கிக் காட்டுங்க”ன்னு நிக்கும், இடுப்புல தூக்கி வச்சுக் காட்டினா செவப்புக் கோடு வர்றப்பல்லாம் ஊஊன்னு ஒரு கத்து. லைட்டைப் போட்டா வேகமாச் சுத்தும், அணைச்சா அசந்து போகும். ஒரு வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு அந்தத் தட்டைப் பார்த்தே சொல்லிருவேன். திடீர்னு யூனிட் கூடினா மருமக வந்திருக்கா, இல்ல கிரைண்டர் வாங்கியிருக்காங்க. குறைஞ்சுதுன்னா வீட்டுல ஒரு ஆளு குறைஞ்சிருக்கலாம், கேக்கவே மாட்டேன், வாய் வராது. புரட்டாசி வெயில்ல மோர் கொடுக்காத வீடு எண்ணிப் பார்த்தா மூணுதான் இருக்கும். அட்டையில என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், ஏழுக்கு ஒரு வால் வச்சு எழுதுவேன், அதைப் பார்த்தாலே செண்பகவல்லி வந்துட்டுப் போயிருக்கான்னு தெரியணும்ங்கிற திமிரு. இருபத்திநாலு வயசு எனக்கு. ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு வேலைக்குப் போவேன், யாராவது கேலி பண்ணினா இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பின்னிக்கிட்டுப் போவேன். அந்தப் பொண்ணு எவ்வளவு வேகமா நடந்தா! இப்ப நினைச்சாலும் அவளைப் பார்த்தா எனக்கு ஆசையா இருக்கு. ஒரு தெருவை ஒரு மணி நேரத்துல முடிச்சிருவா. அவ அந்த ஒம்பதாம் வீட்டுல கண்டிப்பா நின்னுருப்பா. நின்னு குரல் கொடுத்திருப்பா. அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியல, அதான் வயித்தெரிச்சல்.

மஞ்சப் பை மாறுது. பதினொண்ணாவது பையோ பன்னெண்டாவதோ. ஒவ்வொரு பையும் ஒரு ஆளு கொடுத்தது, எந்த ஊரோ, என்ன பேரோ, அவங்க வீட்டு மீட்டர் எந்த மூலையில இருக்கோ. நல்லா இருக்கட்டும், புள்ளைகுட்டியோட நல்லா இருக்கட்டும். முதுகு அரிக்குது, சொறியக்கூடாது. ஒருவேளை அந்தக் குட்டிக் கட்டிகள்ல ஒண்ணு கரெக்டா ஒம்பதாம் நம்பர் வாசல்ல போய் உக்காந்துருச்சோ? ரேஷன் கார்டு கதை மேல ஒண்ணு? இன்னும் எங்கெங்க உக்காந்திருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? மறந்தது எதுன்னு தெரிஞ்சாத்தானே தேடலாம். பூரணிக்குப் புள்ளை பிறந்து, அது பெரிசாகி, ஆச்சி, நீ எப்படித் தாத்தாவைப் பார்த்தேன்னு கேட்டா என்ன சொல்றது. அவரு பக்கத்துல உக்காந்து என் வாயையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. எப்பவும் அப்படித்தான், நான் கதை சொல்லும்போது முத தடவை கேக்கிறவரு மாதிரி சிரிப்பாரு. அவருகிட்டயே கேட்டுரலாம். கேட்டா தெரிஞ்சு போயிரும், போனது போனதுதான்னு. இப்ப கேக்காம இருக்கிற வரைக்கும் அது தொலையல, எங்கயோ வச்சுட்டேன், அவ்வளவுதான். அப்படி நினைச்சுக்கிறேன். அழுகை வருது, அழுதா கழுத்து அசையும், சிஸ்டர் திட்டுவாங்க.

கடைசி அரை மணி நேரம் ஆளை உள்ள விடுவாங்க. செருப்பு சத்தத்துலயே தெரிஞ்சுது அவருதான். வந்தாரு, ஸ்டூலை இழுத்துப் போட்டாரு, ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பிச்சாரு. கண்ணு பழத்து மேல. “எம்பத்தெட்டாயிரம்னாங்க”ன்னாரு பழத்துகிட்ட. “ஆமா”ன்னேன். மிஷின் சுத்துற சத்தம், தோலு கிழியற சத்தம், ஆரஞ்சு வாசனை. இவ்வளவு பெரிய மனுஷன் இப்படிக் குறுகி உக்காந்திருக்கிறதைப் பார்த்ததும், சரி, வர்றது வரட்டும்னு வாயைத் திறந்துட்டேன்.

“ஏங்க, கிணத்துத் தெருவுல கடலை மிட்டாய் செல்லத்தாய்க்கும் டெய்லருக்கும் நடுவுல யாரு வீடு? மூணு நாளா மண்டையை உடைச்சுக்கிறேன், வரவே மாட்டேங்குது.”

பழம் உரிச்ச கை நின்னுருச்சு. “ஏளா, அது நம்ம வீடுளா.”

நம்ம வீடு. ஐயையோ, நம்ம வீடு! எங்க செக்ஷன் ஆபீசுல ஒரு பழக்கம், சொந்த வீட்டு ரீடிங்கை அவங்கவங்க எடுக்கக்கூடாது, வேற ஆளு வந்துதான் எடுக்கணும். கல்யாணம் ஆன மாசத்துல இருந்து அந்த வாசல்ல நான் கார்டுன்னு கேட்டதே இல்ல. செல்லத்தாய் வீட்டை முடிச்சு நேரா டெய்லர் வீடுதான். முப்பது வருஷம் என் காலு பழகினபடிதான் போயிருக்கு, அதுல எந்தக் கட்டியும் இல்ல! சிரிச்சேன் பாருங்க, மிஷினே பீப்பு பீப்புன்னு கத்திருச்சு. சிஸ்டர் ஓடி வந்து டியூப்பைச் சரி பண்ணிட்டு முறைச்சுட்டுப் போனாங்க. ஆனா சிரிப்பு அடங்கினதும் இன்னொண்ணு மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சுது. கல்யாணத்துக்கு முன்னாடி அந்த வாசல்ல நான் நின்னுருக்கணும்ல? ஒரு தடவையாவது நின்னுருக்கணும்ல?

“ரேஷன் கார்டு கதையும் ஞாபகம் இல்லைங்க. பூரணிகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

அப்பதான் அஞ்சு நாளைக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்தாரு. கண்ணு செவந்து போய் இருந்துச்சு. “அந்தக் கதையாலதான்ளா எல்லாம்”னாரு. “சனிக்கிழமை காலையில நீ செருப்பு மாட்டிக்கிட்டு நின்னு, சார் கார்டு எடுத்துட்டு வாங்கன்னியா, நான் என்ன நினைச்சேன்? நீ விளையாடுறேன்னு நினைச்சேன். நம்ம கதையை நடிச்சுக் காட்டுறேன்னு. நானும் சிரிச்சுக்கிட்டே உள்ள போய் ரேஷன் கார்டை எடுத்துட்டு வந்து நீட்டினேன். நீயும் வாங்கி எழுதப் போனே. நான் கை தட்டிச் சிரிக்கிறேன், முட்டாப் பய. மத்தியானம் நீ கீழ விழுந்தப்புறம்தான் தெரிஞ்சுது. அஞ்சு மணி நேரம் போச்சு. அந்த அஞ்சு மணி நேரத்துலதான் என்னென்ன போச்சோ உனக்கு.” உரிச்ச சுளையைக் கையில வச்சுக்கிட்டு அழுதாரு. கோவம் இல்ல அப்ப. என் மேல கோவமே இல்ல.

“அழாம கதையைச் சொல்லுங்க”ன்னேன். சொன்னாரு, மூக்கைத் துடைச்சுத் துடைச்சு. நைட் ஷிப்டு முடிச்சுத் தூங்கிக்கிட்டு இருந்தாராம், அவங்க அம்மா சந்தைக்குப் போயிருந்தாங்களாம். கார்டுன்னு வாசல்ல ஒரு குரல். தூக்கக் கலக்கத்துல மின்சார அட்டைக்குப் பதிலா ரேஷன் கார்டை எடுத்து நீட்டியிருக்காரு. நான் அதுலயே, சர்க்கரை எழுதுற கட்டத்துல, ரெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பத்தேழுன்னு ரீடிங்கை எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டுப் போயிட்டேனாம். ஏழுக்கு வால் வச்சு. ரேஷன் கடைக்காரர் கேட்டாராம், என்ன தவசி, இந்த மாசம் ரெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பத்தேழு கிலோ சர்க்கரை வாங்கியிருக்கியேன்னு. அதைத் தூக்கிக்கிட்டு எங்க ஆபீசுக்கு வந்தவருதான். “வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வாரம், பதட்டம், அதான் பார்க்காம எழுதிட்டேன்னு நீ எப்பவும் சொல்லுவே”ன்னு முடிச்சாரு. நல்ல கதை. சிரிக்க வேண்டிய கதை. நானும் சிரிச்சு வச்சேன். ஆனா யாரோ ரெண்டு பேரைப் பத்தின கதையாத்தான் இருந்துச்சு. எனக்குள்ள ஒண்ணும் அசையல. அவருக்கும் அது தெரிஞ்சுது, சுளையை என் வாயில வச்சுட்டு மறுபடி ஃபேனைப் பார்க்க ஆரம்பிச்சாரு.

புளிப்பு. நல்ல புளிப்பு, கண்ணைச் சுருக்கிக்கிட்டேன். பாகு வாசனை. விரல்ல பிசுபிசுப்பு, அதோட அடுத்த வாசல். பச்சைக் கதவு. கதவைத் தட்டுறேன், கார்டு எடுத்துட்டு வாங்க. கதவு திறக்குது, தலையெல்லாம் பஞ்சு, பாதிக் கண்ணு மூடியிருக்கு. என் பேனா எழுத மாட்டேங்குது, உதறுறேன். “இருங்க, என்கிட்ட இருக்கு”ன்னு அவரு நெஞ்சைத் தடவுறாரு. தடவுறாரு. சட்டைப் பையைக் காணோம். இந்தப் பக்கம் தடவுறாரு, அந்தப் பக்கம் தடவுறாரு. எப்படி இருக்கும்? தையல் எல்லாம் வெளிய தெரியுது, காலர்ல டெய்லர் பேரு போட்ட துணி ஆடுது. சட்டையைத் திருப்பிப் போட்டிருக்காரு. எனக்கு அடிவயித்துல இருந்து சிரிப்பு வருது, சிரிச்சா ஆளு செத்துருவாரு, பாவம். உதட்டைக் கடிச்சுக்கிட்டு, அவரைப் பார்க்காம, கையில இருக்கிறது என்ன கார்டுன்னுகூடப் பார்க்காம, பேனாவை உதறி உதறி எழுதுறேன்.

“ஏங்க”ன்னேன். “அன்னைக்கு நீங்க சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தீங்க. நீலச் சட்டை. பேனாவுக்குப் பையைத் தேடினீங்க. சிரிப்பை அடக்கிக்கிட்டுதான் நான் பார்க்காம எழுதினேன். பதட்டம்லாம் ஒண்ணும் இல்ல. உங்களுக்கு வெக்கமாப் போயிரும்னு இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லல.”

அவரு வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாரு. “அது எனக்கே தெரியாதேளா”ன்னாரு மெதுவா. “நான் அதைச் சொல்லலியே. எனக்கே தெரியாதே.” சொல்லிட்டுக் குனிஞ்சு, இப்ப போட்டிருக்கிற சட்டையைத் தடவிப் பார்த்துக்கிட்டாரு. பை இருந்துச்சு.